மார்கோ டிம்மின்ஸ் பாடிய ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருக்காவது இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினால் ஒரு நிமிடம் ஓடுவதற்குள் கேள்விகள் வந்துவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. பாட்டின் வரிகளை எடுத்துப் போடவில்லை, அதில் வரும் காட்சிகளை மட்டும் சொல்கிறேன்.

இது என்ன பாட்டு? யார் பாடினது, யாரோடது?

பாட்டின் பெயர் 'ஐயாம் சோ லோன்சம் ஐ குட் க்ரை', அழுதுவிடலாம் போல அவ்வளவு தனிமை என்று பொருள். எழுதி முதலில் பாடியவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஹாங்க் வில்லியம்ஸ். 1949ல் அதைப் பதிவு செய்தார். கன்ட்ரி இசையில் தனிமையைப் பற்றிய பாட்டு என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இங்கே நாம் பேசுவது கனடாவின் டொராண்டோ நகரத்துக் குழுவான கௌபாய் ஜங்கீஸ் பாடிய வடிவத்தைப் பற்றி. 1987ல் பதிவாகி, 1988ல் 'த டிரினிட்டி செஷன்' என்ற ஆல்பத்தில் வெளிவந்தது. பாடியவர் மார்கோ டிம்மின்ஸ். கித்தார் அவருடைய அண்ணன் மைக்கேல், டிரம்ஸ் தம்பி பீட்டர், பேஸ் கித்தார் மைக்கேலின் சிறுவயது நண்பர் ஆலன் ஆன்டன். இந்த நால்வரோடு வேறு சில இசைக்கலைஞர்களும் அந்த ஆல்பத்தில் வாசித்திருக்கிறார்கள்.

கன்ட்ரி மியூசிக்னா என்ன? நான் ஒண்ணுமே கேட்டதில்ல, புரியுமா?

புரியும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கிராமத்து ஏழைகளிடையே வளர்ந்த இசை அது. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் கொண்டுவந்த பிடில் மெட்டுகளும் கதைப்பாடல்களும், கறுப்பின மக்களின் ப்ளூஸ் என்ற துயரப் பாட்டுகளும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும், தேவாலயப் பாடல்களும் கலந்து உருவானது. 1920களில் வானொலியும் இசைத்தட்டும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. நாஷ்வில் நகரத்து 'கிராண்ட் ஓலே ஓப்ரி' வானொலி நிகழ்ச்சி 1925ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

வெள்ளைக்காரர்களின் இசை என்று இதை ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல். சிறுவன் ஹாங்குக்கு இசை சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். ஹாங்கின் பாட்டில் ப்ளூஸ் வாசனை அடிப்பது தற்செயல் இல்லை.

ஹாங்க் வில்லியம்ஸ் அவ்வளவு பெரிய ஆளா?

ஆமாம், இத்தனைக்கும் வாழ்ந்தது 29 ஆண்டுகள்தான். 1923 செப்டம்பரில் பிறந்தார். பிறவியிலேயே முதுகெலும்பில் கோளாறு, வாழ்நாள் முழுக்க வலி, அதோடு குடி. 1953ஆம் ஆண்டின் முதல் நாள், ஒஹாயோ மாநிலத்தில் நடக்கவிருந்த கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின்சீட்டிலேயே உயிர் போயிருந்தது.

பதிவுக்கூடத்தில் அவர் வேலை செய்த காலம் ஆறே ஆண்டுகள். அதற்குள் எழுதிய பாட்டுகளை ஜாஸ் பாடகர்கள், ராக் பாடகர்கள், சோல் எனப்படும் கறுப்பின இசைப் பாடகர்கள் என்று எல்லோரும் எடுத்துப் பாடினார்கள். காரணம் எளிமை. பள்ளிக்கூடம் தாண்டாத ஒருவருக்கும் புரிகிற சொற்கள், கித்தாரில் மூன்று நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்), அவ்வளவுதான்.

காதல் தோல்விப் பாட்டுன்னு சொல்றாங்க, காதலியே வரலையே? பறவை, ரயில், நிலான்னு போகுதே?

இந்தக் கேள்வி கேட்பவர் பாட்டை நன்றாகக் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். நான்கே பத்திகள் கொண்ட பாட்டு அது. தனியாகப் பல்லவி கிடையாது. முதல் பத்தியில் பறக்கக்கூடத் தெம்பில்லாத ஓர் இரவுப் பறவையும், தூரத்தில் ஊளையிட்டுப் போகும் நள்ளிரவு ரயிலும். இரண்டாவதில் நகராத இரவு, அழுவதற்காக மேகத்துக்குப் பின்னால் மறையும் நிலா. மூன்றாவதில் இலைகள் சாகத் தொடங்கும்போது கண்ணீர் விடும் ராபின் பறவை. நான்காவதில் சத்தமில்லாமல் விழுந்து வானத்தைச் செந்நீலமாக்கும் நட்சத்திரம். அதற்குப் பிறகுதான், பாட்டு முடிய இரண்டு வரி இருக்கும்போது, 'நீ எங்கே இருக்கிறாயோ' என்ற நினைப்பு வருகிறது.

அதுவரைக்கும் அந்த ஆள் சுற்றிலும் இருப்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரைப் பிரிந்தார், யார் மேல் தப்பு, எத்தனை நாளாயிற்று, ஒன்றும் கிடையாது. குற்றம் சாட்டவே இல்லை. பிரிவுப் பாட்டுகளில் இது அபூர்வம். பெரும்பாலான பிரிவுப் பாட்டுகள் வழக்காடும். இது கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் சொல்லிவிட்டு, கடைசியில் தாங்க முடியாமல் ஒரே ஒரு முறை அந்த ஆளைக் கூப்பிடுகிறது.

அந்த முதல் பறவை என்ன பறவை?

விப்பர்வில். வட அமெரிக்கக் காடுகளில் இரவில் இடைவிடாமல் கத்தும் பறவை. நம் ஊர்ப் பக்கிக் குருவியின் குடும்பம்தான். கத்துவது கேட்கும், ஆள் கண்ணில் படாது.

மூலப் பாட்டைக் கேட்டேன். சோகமாவே இல்லையே, மூணு தாளத்துல ஆடுற மாதிரி இருக்கே?

வால்ட்ஸ் தாளம் அது, கிராமத்து நடன அரங்குகளில் ஜோடியாக ஆடுவது. 1949 ஆகஸ்ட் 30 அன்று ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டியில் ஹெர்ஸாக் ஸ்டுடியோவில் பதிவானது. ஸ்டீல் கித்தார் (தந்திகள் மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிப்பது) வாசித்தவர் ஜெர்ரி பேர்ட். மூன்று நிமிடத்துக்குள் பாட்டு முடிந்துவிடும். இசைத்தட்டு கடைகளுக்கும் மதுக்கடைகளில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளுக்கும் போன காலம் அது. ஆட்டம் போட வைக்கிற பாட்டுதான் காசு கொண்டுவரும். அதனால் இந்தப் பாட்டு இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்தது. முன்பக்கத்தில் இருந்தது 'மை பக்கெட்ஸ் காட் அ ஹோல் இன் இட்' என்ற துள்ளலான பாட்டு. விற்றதும் அதுதான்.

ஆனால் ஹாங்கின் குரலை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். அவர் அழவில்லை, அழுகையை நடிக்கவும் இல்லை. வரியின் நடுவில் குரல் லேசாக உடைந்து உடனே ஒட்டிக்கொள்ளும். தாளம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். துக்கம் வந்தவன் தாளம் தவறாமல் பாடுகிறான் என்பதே எனக்கு இந்தப் பதிவில் பெரிய விஷயம்.

அவர் மனைவியைப் பத்தி எழுதினதா இது?

அப்படி நேராக முடிச்சுப் போட நாள்கள் ஒத்துழைக்கவில்லை. ஹாங்குக்கும் மனைவி ஆட்ரிக்கும் நிறையச் சண்டை இருந்தது உண்மை, 1952ல் முழுதாகப் பிரிந்ததும் உண்மை. ஆனால் 1949 அவருடைய நல்ல ஆண்டு. மே மாதம் மகன் பிறந்தான். ஜூன் மாதம் முதல் முறையாக கிராண்ட் ஓலே ஓப்ரி மேடையில் பாடினார், கூட்டம் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னது. ஆகஸ்டில் இந்தப் பாட்டைப் பதிவு செய்தார். எல்லாம் கைகூடி வரும்போதும் ஒருவருக்குள் இவ்வளவு தனிமை இருக்கலாம். வாழ்க்கை வரலாற்றைத் தேடிப் போய்ப் பாட்டைச் சின்னதாக்கிவிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, மார்கோ டிம்மின்ஸ் ஏன் முணுமுணுக்கிறாங்க? குரல் அவ்வளவுதானா?

இல்லை. அது தேர்ந்தெடுத்த அளவு. குழு தொடங்கியது 1985ல். வீட்டு கராஜில்தான் பயிற்சி. சத்தம் அதிகம் என்று அக்கம்பக்கத்திலிருந்து புகார் வந்ததால் குறைக்க வேண்டியதாயிற்று. குறைத்துப் பார்த்தபோதுதான் மார்கோவின் குரல் கத்தாமல் பாடும்போது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. அவர் குறைத்ததும் மற்றவர்களும் குறைத்தார்கள். பீட்டர் குச்சியை விட்டுவிட்டுப் பிரஷ்ஷால் டிரம்ஸ் வாசிக்கப் பழகினார்.

மார்கோ அதற்கு முன்னால் தொழில்முறைப் பாடகி இல்லை, மேடைக் கூச்சமும் அதிகம். ஆரம்ப நாட்களில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடியவர். யாரையும் அசத்த வேண்டும் என்ற எண்ணமே அந்தக் குரலில் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டொராண்டோக்காரங்களுக்கு இந்தத் தென்மாநிலப் பாட்டு எப்படிக் கிடைச்சது?

முதல் ஆல்பம் 1986ல் வந்தது. அதில் பெரும்பகுதி பழைய ப்ளூஸ் பாட்டுகள். அந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வேனில் அமெரிக்கத் தென்மாநிலங்களைச் சுற்றினார்கள். அந்தப் பயணத்தில்தான் கன்ட்ரி இசை அவர்களுக்குள் ஊறியது. அடுத்த ஆல்பத்தில் ஹாங்கின் பாட்டும், பாட்ஸி க்ளைன் பாடிப் புகழ்பெற்ற 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்'டும் வந்தன.

ஒரே மைக்ல, ஒரே நாள்ல, சர்ச்சுக்குள்ள பதிவு பண்ணாங்கன்னு சொல்றது நிஜமா?

பெரும்பாலும் நிஜம். ஆல்பத்தின் பெரும்பகுதி பதிவான நாள் 1987 நவம்பர் 27. இடம் டொராண்டோ நகர நடுவில் இருக்கும் ஹோலி டிரினிட்டி தேவாலயம். 1847ல் திறந்தது, இப்போது பெரிய வணிக வளாகம் ஒன்று அதைச் சுற்றி நிற்கிறது. உயரமான கூரை. எந்த ஒலியும் எழுந்ததும் அடங்காமல் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத்தான் அடங்கும். ஆல்பத்தின் பெயரே அந்தத் தேவாலயத்தின் பெயரிலிருந்து வந்ததுதான்.

பதிவு செய்தவர் பீட்டர் மூர். அவரிடம் இருந்தது கால்ரெக் ஆம்பிசோனிக் மைக். ஒரே கூட்டுக்குள் நான்கு திசை பார்க்கும் நான்கு ஒலிவாங்கிகள் இருக்கும், அதனால் சுற்றியுள்ள அறையையே பிடித்துக்கொள்ளும். அந்த மைக்கை நடுவில் நிறுத்தி, குழுவினர் வட்டமாகச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒலி நேராக இரண்டு தடமாகப் பதிவானது. பிறகு குரலைத் தனியாக ஏற்றுவது, கித்தாரைக் குறைப்பது எதுவும் முடியாது. ஆகவே எல்லா வேலையையும் உட்காரும் இடத்திலேயே முடிக்க வேண்டும். அக்கார்டியன் ஒரு அடி பின்னால், டிரம்ஸ் இன்னும் தள்ளி, பெடல் ஸ்டீல் (மிதிகள் வைத்த ஸ்டீல் கித்தார்) சற்றே பக்கத்தில் என்று ஒவ்வொருவரையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தே முதல் பல மணி நேரம் போயிற்று.

இந்தப் பாட்டின் கனிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் இந்த வட்டத்தைத்தான் காட்டுவேன். ஒருவர் கொஞ்சம் சத்தமாக வாசித்தால் பாடகி மூழ்கிப்போவார், திருத்த வழியில்லை. எனவே எல்லோரும் தன் வாத்தியத்தைவிட அவர் குரலைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குரல்தான் அது.

அப்போ மார்கோவும் அந்த வட்டத்துல நின்னுதான் பாடினாங்களா?

அவருடைய குரல் மட்டும் அங்கே இருந்த ஒலிபெருக்கி வழியாக வந்தது. அந்தப் பெட்டியும் மைக்கைச் சுற்றி உட்கார்ந்த இன்னொரு வாத்தியம் மாதிரிதான். குரல் பெட்டியிலிருந்து காற்றில் வந்து, கூரையைத் தொட்டுத் திரும்பி, மற்ற வாத்தியங்களோடு கலந்த பிறகே மைக்கில் விழுந்தது. அதனால்தான் அவர் காதுக்குள் பாடுகிற மாதிரியும் இருக்கிறது, பெரிய அறையின் மறுகோடியில் நிற்கிற மாதிரியும் இருக்கிறது. ஸ்டுடியோவில் எதிரொலியைச் செயற்கையாகச் சேர்த்தால் இப்படி அமைவதில்லை.

சர்ச்சுக்காரங்ககிட்ட பொய் சொல்லி இடம் வாங்கினாங்களாமே?

டிம்மின்ஸ் குடும்பப் பாடகர்கள் என்று பெயர் சொல்லி, கனடா வானொலிக்காகக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி பதிவு செய்யப்போவதாகக் கேட்டு வாங்கினார்கள். மார்கோ, மைக்கேல், பீட்டர் மூவரும் உடன்பிறந்தவர்கள், இன்னொரு சகோதரர் ஜானும் ஆல்பத்தில் இருக்கிறார். குடும்பம் என்றவரைக்கும் உண்மைதான். ஜங்கீஸ் என்றால் போதைக்கு அடிமையானவர்கள், 'கௌபாய் ஜங்கீஸ்' என்ற பெயரைக் கேட்டால் எந்தத் தேவாலயமும் யோசிக்கும்.

ஆம்பள எழுதின பாட்டைப் பொம்பள பாடினா அர்த்தம் மாறாதா?

மேலே பாட்டின் நான்கு பத்திகளைச் சொன்னேனே, அதைத் திரும்பப் பாருங்கள். பாடுகிறவர் ஆணா பெண்ணா, பிரிந்தவர் யார் என்று எங்கும் வராது. பறவைகளும் நிலாவும் யாருக்கும் பொது. அதனால் ஒரு சொல்லையும் மாற்றாமல் யார் வேண்டுமானாலும் பாடலாம்.

ஆனால் கேட்கும் உணர்வு மாறுகிறது. ஹாங்கின் பதிவில் ஓர் ஆள் இரவுக்குள் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறான். மார்கோ பாடும்போது அதே இரவை முன்பே பலமுறை பார்த்துவிட்ட ஒருத்தி பேசுகிற மாதிரி இருக்கிறது. பதற்றம் இல்லை, களைப்பு இருக்கிறது. இது பெண் குரல் என்பதால் வருவதைவிட, வேகத்தால் வருவது என்றே நினைக்கிறேன். ஹாங்க் மூன்று நிமிடத்துக்குள் முடித்ததை இவர்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் பாடுகிறார்கள்.

அப்படின்னா எந்தப் பாட்டையும் மெதுவாப் பாடினா உருக்கமாயிடுமா?

ஆகாது. இப்போதெல்லாம் விளம்பரங்களிலும் திரைப்பட முன்னோட்டங்களிலும் பழைய பாட்டுகளை இழுத்து, பியானோவோடு, மூச்சுச் சத்தம் கேட்கப் பாடுவது வழக்கமாகிவிட்டது. நிறையக் கேட்டாயிற்று, பெரும்பாலானவை மனதில் நிற்பதில்லை. மெதுவாக்கும்போது வரிகளுக்கு நடுவே வெற்றிடம் உண்டாகிறது. அந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியாதவர்கள் பெருமூச்சையும் அலங்காரத்தையும் போட்டு நிரப்புவார்கள்.

இந்தப் பதிவில் அந்த இடத்தில் பெடல் ஸ்டீலின் நீண்ட சுரங்களும் கட்டடத்தின் ஒலியும் இருக்கின்றன. மார்கோ ஒரு வரியை முடித்துவிட்டு அதை விட்டுவிடுகிறார். அடுத்த வரிக்குக் குரலை உயர்த்துவதில்லை. நான்காவது பத்தியில் அந்த ஒரே அழைப்பு வரும்போது பெரும்பாலான பாடகர்கள் அங்கே உச்சத்துக்குப் போவார்கள். இவர் முதல் வரியைப் பாடிய அதே அளவில் அதையும் பாடுகிறார். கேட்பவர்தான் அங்கே உடைகிறார்.

கவர்னா காப்பி தானே? அனுமதி வாங்கணுமா?

இன்னொருவர் ஏற்கெனவே வெளியிட்ட பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்வதுதான் கவர். அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாட்டின் முதல் பதிவு உரிமையாளரின் சம்மதத்தோடு வெளியாகிவிட்டால், அதன் பிறகு யாரும் முறைப்படி அறிவித்து, நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டித் தன் பதிவை வெளியிடலாம். பாணியை மாற்றலாம், அடிப்படை மெட்டை மாற்றக்கூடாது. பணம் பாட்டை எழுதியவர் தரப்புக்குப் போகும். திரைப்படத்திலோ விளம்பரத்திலோ பயன்படுத்துவது வேறு கதை, அதற்குத் தனி அனுமதி வேண்டும். மற்ற நாடுகளில் விதிகள் வேறுபடும்.

வேற யார் யார் பாடியிருக்காங்க? எது பெஸ்ட்?

பட்டியல் மிக நீளம். பி. ஜே. தாமஸ் 1966ல் பாடியது அமெரிக்கப் பாப் பட்டியலில் 8ஆம் இடம் வரை போயிற்று. 1973ல் ஹவாயிலிருந்து செயற்கைக்கோள் வழியே ஒளிபரப்பான கச்சேரியில் எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாடினார். தான் கேட்டதிலேயே மிகச் சோகமான பாட்டு அநேகமாக இதுதான் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். அதே ஆண்டு ஆல் கிரீன் சோல் பாணியில் பாடினார். 2002ல் ஜானி கேஷும் நிக் கேவும் சேர்ந்து பாடினார்கள்.

ஆல் கிரீனின் பதிவு எனக்கு மிகவும் பிடிக்கும், அது ஹாங்கின் பாட்டை வேறொரு வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. கேஷ், கேவ் பதிவில் இரண்டு கனத்த குரல்கள் இருப்பதால் தனிமை கொஞ்சம் கரைகிறது. மார்கோவின் பதிவை முதலிடத்தில் வைக்கிறேன், காரணம் முந்தைய மூன்று நான்கு பதில்களில் இருக்கிறது.

கேட்டேன், தூக்கம் வந்துடுச்சு. நான் எப்படிக் கேக்கணும்?

தூக்கம் வந்தால் தப்பே இல்லை. ஆனால் பேருந்திலோ சமையலறையிலோ போட்டால் இந்தப் பாட்டின் பாதி கேட்காது. அமைதியான அறையில், நல்ல ஹெட்போனில், ஒலியைக் கூட்டாமல் கேளுங்கள். சத்தம் போதவில்லை என்று கூட்டினால் அறையின் எதிரொலியும் சேர்ந்து பெருத்து, குரலின் நெருக்கம் போய்விடும். ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டால் அந்த வட்டம் தட்டையாகிவிடும், இரண்டு பக்கமும் வேண்டும்.

முதலில் ஹாங்க், அப்புறம் மார்கோ என்ற வரிசையைத்தான் சொல்வேன். வேகமான மூலம் காதில் இருக்கும்போதுதான் இவர்கள் எதையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று தெரியும்.

பிடிச்சிருந்தா அடுத்து என்ன கேக்கலாம்?

அதே ஆல்பத்தில் 'ட்ரீமிங் மை ட்ரீம்ஸ் வித் யூ' இருக்கிறது. ஆலன் ரெனால்ட்ஸ் எழுதி, வேலன் ஜென்னிங்ஸ் பாடிப் பிரபலமானது. பிரிவை அதே நிதானத்தோடு சொல்லும் பாட்டு. அங்கிருந்து 'மிஸ்கைடட் ஏஞ்சல்', இது குழுவின் சொந்தப் பாட்டு. தேவாலயத்தில் நேரம் முடிந்துவிட்ட பிறகு காவலாளிக்கு 25 டாலர் கொடுத்து இன்னும் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிப் பதிவு செய்தது.

ஹாங்கின் பக்கம் போக விரும்பினால் 'கோல்டு, கோல்டு ஹார்ட்'. டோனி பென்னட் 1951ல் அதைப் பாப் பாட்டாகவும் நோரா ஜோன்ஸ் 2002ல் ஜாஸ் சாயலிலும் பாடியிருக்கிறார்கள், மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கௌபாய் ஜங்கீஸ் சுமார் 20 ஆண்டு கழித்து அதே தேவாலயத்துக்குத் திரும்பிப் போய், நடாலி மெர்ச்சன்ட், ரையன் ஆடம்ஸ், விக் செஸ்நட் ஆகியோரோடு முழு ஆல்பத்தையும் மறுபடி பாடினார்கள். 'டிரினிட்டி ரீவிசிட்டட்' என்ற பெயரில் 2007ல் வந்தது. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் பதிவு நன்றாக மனதில் பதிந்த பிறகு கேட்டால்தான் அதன் அருமை தெரியும்.